குட்டி நாடுகளின் நிலம், வருமானம், தண்ணீர், மின்சாரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உலக வரைபடத்தில் சில நாடுகளின் பெயரை எழுத அந்த நாட்டுக்குள் இடம் இருக்காது. பெயரைக் கடலுக்குள் எழுதி, ஒரு கோடு இழுத்துப் புள்ளியைக் காட்டியிருப்பார்கள். துவாலு, நவ்ரு, டொமினிக்கா, கொமொரோஸ் எல்லாம் அப்படிப்பட்டவை. பூட்டான், லெசோத்தோ, காம்பியா போல நிலத்திலேயே இடுங்கிக் கிடப்பவையும் உண்டு. இந்த நாடுகளைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன்.

சின்ன நாடு என்று எதை வைத்துச் சொல்கிறோம்? பரப்பளவா, மக்கள்தொகையா?

பெரும்பாலும் மக்கள்தொகைதான். உலக வங்கியும் காமன்வெல்த் அமைப்பும் 15 லட்சம் பேருக்குள் இருக்கும் நாடுகளைச் சிறிய நாடு என்று எடுத்துக்கொள்கின்றன. ஆனால் இதைக் கறாரான எல்லையாக யாரும் வைத்துக்கொள்வதில்லை. லெசோத்தோவில் 20 லட்சத்துக்கு மேல் மக்கள் இருக்கிறார்கள், ஆனாலும் அதன் சிக்கல்கள் எல்லாம் சிறிய நாட்டின் சிக்கல்கள்தான்.

பரப்பளவைப் பார்த்தால் ஒன்றுக்கொன்று ஏணி வைத்தாலும் எட்டாது. நவ்ரு 21 சதுர கிலோமீட்டர், துவாலு 26. பூட்டான் 38,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். இவ்வளவு வித்தியாசம் இருந்தும் இவற்றை ஒன்றாகப் பேசுவதற்குக் காரணம், இங்கே முக்கியமான எல்லாமே ஒன்றே ஒன்றாக இருக்கும் என்பதுதான். ஒரு துறைமுகம், ஒரு ஓடுதளம், ஒரு கேபிள், ஒரு ஏற்றுமதிப் பொருள். அது நன்றாக ஓடும்வரை நாடும் ஓடும். கீழே வரும் பல பதில்களில் இதே விஷயம் வேறு வேறு உருவத்தில் வரும்.

‘மிகக் குறைந்த வளர்ச்சி கண்ட நாடு’ என்பதும் இதுவும் ஒன்றா?

இல்லை. அது ஐ.நா. 1971-இல் உருவாக்கிய பட்டியல். தலைக்கு வருமானம், கல்வியும் உடல்நலமும், பொருளாதார, சுற்றுச்சூழல் அதிர்ச்சிகளைத் தாங்கும் திறன் ஆகிய மூன்றையும் பார்த்து, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்வார்கள். பெரிய நாடுகளும் அதில் உண்டு. சிறிய தீவு நாடுகளுக்குத் தனிப்பட்ட சிக்கல்கள் இருப்பதை 1992-இல் ரியோ பூமி உச்சிமாநாட்டில் உலகம் ஏற்றுக்கொண்டது.

கைக்குட்டை அளவு நிலம் இருக்கும் நாட்டுக்கு அவ்வளவு பெரிய கடல் எப்படிச் சொந்தமானது?

1982-இல் உருவான ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கைதான் காரணம். கரையிலிருந்து 200 கடல் மைல், அதாவது சுமார் 370 கிலோமீட்டர் தூரம் வரை உள்ள மீனும் கடலடி வளமும் அந்தக் கரைக்குரிய நாட்டுக்குச் சொந்தம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நடுக்கடலில் மக்கள் வாழும் தீவு ஒன்று தனியாக இருக்கிறது, சுற்றிலும் வேறு நாடு இல்லை. 370 கிலோமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் வரைந்தால் உள்ளே அடங்குவது 4 லட்சத்து 30 ஆயிரம் சதுர கிலோமீட்டர். ஒரே ஒரு தீவுக்கு அவ்வளவு!

கிரிபாட்டியில் இப்படி 33 தீவுகள், பசிபிக்கில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கின்றன. நிலம் எல்லாம் சேர்த்து 811 சதுர கிலோமீட்டர். கடல் 34 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல், கிட்டத்தட்ட இந்தியாவின் நிலப்பரப்பு அளவுக்கு வரும். சர்வதேசத் தேதிக்கோடு நாட்டை இரண்டாகப் பிளந்துகொண்டு போனதால் ஒரு பாதியில் திங்கள், மறுபாதியில் ஞாயிறு என்று இருந்தது. 1995-இல் அந்தக் கோட்டையே கிழக்கே வளைத்துவிட்டார்கள். (அப்புறம், நாட்டின் பெயரை அந்த ஊர்க்காரர்கள் ‘கிரிபாஸ்’ என்றுதான் சொல்கிறார்கள். அவர்கள் எழுத்து முறையில் ‘டிஐ’ என்று எழுதினால் ‘ஸ்’ ஒலி.)

அந்தக் கடலால் வருமானம் வருமா, வெறும் பெருமை மட்டும்தானா?

வருகிறது. பசிபிக்கில் நான் மிகவும் மதிக்கும் கதை இது.

மேற்கு, மத்திய பசிபிக்கில் சூரை மீன் ஏராளம். பிடிப்பதோ தொலைதூர நாடுகளின் பெரிய சுருக்குவலைக் கப்பல்கள். ஆரம்பத்தில் ஒவ்வொரு தீவும் தனித்தனியே பேரம் பேசியது. ஒருவர் விலை ஏற்றினால் கப்பல் பக்கத்துத் தீவிடம் போய்விடும். 1982-இல் ஏழு நாடுகள் நவ்ரு உடன்படிக்கையின் கீழ் ஒன்று சேர்ந்தன: மைக்ரோனேசியா, கிரிபாட்டி, மார்ஷல் தீவுகள், நவ்ரு, பலாவ், பப்புவா நியூகினி, சாலமன் தீவுகள். துவாலு பின்னர் எட்டாவதாகச் சேர்ந்தது. 2007-இலிருந்து மீனுக்கு விலை வைப்பதற்குப் பதிலாக நாளுக்கு விலை வைக்க ஆரம்பித்தார்கள். ஒரு கப்பல் எங்கள் கடலில் ஒரு நாள் மீன்பிடிக்க வேண்டுமென்றால் இத்தனை டாலர், மீன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும். மொத்தம் எத்தனை நாள் விற்பது என்பதற்கும் உச்சவரம்பு வைத்தார்கள். குறைந்தபட்ச விலை ஒரு கப்பல் நாளுக்கு 8,000 டாலர் வரை ஏறியது.

கிரிபாட்டி அரசின் வருமானத்தில் பாதிக்கு மேல் இந்த உரிமக் கட்டணத்திலிருந்து வருகிறது. ஆனால் மீனுக்கு எல்லைக்கோடு தெரியாது. பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் வெதுவெதுப்பான நீரோடு சேர்ந்து சூரைக் கூட்டம் கிழக்கே கிரிபாட்டி பக்கம் நகரும், மேற்கே இருப்பவர்களுக்குக் குறையும். அந்த மாதிரி ஆண்டுகளில் மீன்பிடி நாட்களை ஒரு நாடு இன்னொரு நாட்டுக்கு மாற்றிக் கொடுத்துக்கொள்ளவும் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள்.

பவளத் தீவில் ஆறு கிடையாது, ஏரி கிடையாது. குடிக்கத் தண்ணீர்?

மழைதான் முதல் ஆதாரம். கூரையில் விழுவதைத் தொட்டியில் பிடிப்பார்கள். இரண்டாவது ஆதாரம் காலடியில் இருக்கிறது. மணலுக்குள் இறங்கும் மழைநீர் கடல்நீரை விட எடை குறைந்தது, அதனால் உப்புநீரின் மேல் ஒரு வில்லை போல மிதந்து நிற்கும். பாடநூல் கணக்குப்படி, கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீட்டர் உயர்ந்து நின்றால் அதன் கீழே 40 மீட்டர் ஆழத்துக்கு நன்னீர் இருக்க வேண்டும். ஒடுக்கமான பவளத் தீவுகளில் நன்னீர் அந்த அளவு உயர்ந்து நிற்பதே இல்லை, வில்லையும் மெலிந்துதான் இருக்கும். அளவுக்கு மீறி இறைத்தாலோ, பெரிய அலை தரைமேல் ஏறி வந்தாலோ கிணறு உப்பாகிவிடும். 2011-இல் துவாலுவில் மழை பொய்த்தபோது அரசு அவசரநிலை அறிவிக்க வேண்டி வந்தது. நியூசிலாந்தும் ஆஸ்திரேலியாவும் கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரங்களை அனுப்பி வைத்தன.

மாலைத்தீவின் தலைநகர் மாலேயில் நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். சுமார் 2 சதுர கிலோமீட்டர் தீவில் லட்சத்துக்கு மேற்பட்டவர்கள். நிலத்தடி நீர் எப்போதோ கெட்டுவிட்டது, குழாயில் வருவது முழுக்க முழுக்கக் கடல்நீரிலிருந்து ஆலையில் பிரித்தெடுத்த தண்ணீர். 2014 டிசம்பர் 4 அன்று அந்த ஆலையில் தீப்பிடித்தது. நகரம் முழுவதும் குழாய் நின்றுபோனது. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர், வீட்டில் சோறு வடிக்கத் தண்ணீர் இல்லை. கடைகளில் போத்தல் தண்ணீர் மளமளவென்று தீர்ந்தது. மறுநாளே இந்தியாவிலிருந்து விமானங்களில் குடிநீர் வந்து இறங்கியது, பின்னாலேயே கடற்படைக் கப்பலும் வந்தது. ஓர் ஆலையில் தீப்பிடித்தால் ஒரு தலைநகரமே தாகத்தில் தவிக்கும்.

கடலே இல்லாத சிறிய நாடுகள் எதை விற்கின்றன?

மலை இருந்தால் தண்ணீரை விற்கலாம். லெசோத்தோவைச் சுற்றி நாலாபுறமும் தென்னாப்பிரிக்காதான். நாடு முழுவதும் 1,400 மீட்டர் உயரத்துக்கு மேல் இருக்கிறது, அப்படி ஒரு நாடு உலகில் வேறு இல்லை. ஜொகன்னஸ்பர்க்கைச் சுற்றியுள்ள தொழில் நகரங்களுக்குத் தண்ணீர் தேவை, மலைமேல் தண்ணீர் இருக்கிறது. 1986-இல் ஒப்பந்தம் போட்டு, 185 மீட்டர் உயரத்தில் கட்சே அணையைக் கட்டி, மலைக்குள் சுரங்கம் குடைந்து, 1998-இலிருந்து தண்ணீரை அனுப்புகிறார்கள். அதற்கு உரிமைத்தொகை வருகிறது. போகிற வழியில் முயேலா நிலையத்தில் 72 மெகாவாட் மின்சாரமும் எடுத்துக்கொள்கிறார்கள்.

பூட்டான் தண்ணீரை மின்சாரமாக்கி விற்கிறது. சுக்கா 336 மெகாவாட், தாலா 1,020, 2019-இல் வந்த மங்தேச்சு 720. மழைக்காலத்தில் ஆறுகள் நிரம்பி ஓடும்போது உபரி மின்சாரம் இந்தியாவுக்குப் போகும். குளிர்காலத்தில் ஆறு மெலிந்துவிடும், அப்போது இந்தியாவிடமிருந்து திரும்ப வாங்க வேண்டும். இந்த இரண்டாம் பாதியைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். இத்தனைக்கும் எல்லையிலிருந்து திம்பு வரை முதல் மோட்டார் சாலையே 1962 வாக்கில்தான் வந்தது. அதற்கு முன் நடைப்பயணமும் கோவேறு கழுதையும்தான்.

அண்டை நாட்டை இவ்வளவு நம்பியிருப்பது ஆபத்தில்லையா?

ஆபத்துதான். ஆனால் நம்பிக்கை இரண்டு பக்கமும் இருந்தால் கொஞ்சம் தேவலை. ஜிபூட்டியைப் பாருங்கள். பாலைவனம், விவசாயம் மிகக் குறைவு, அதன் அசால் ஏரி கடல்மட்டத்துக்கு 155 மீட்டர் கீழே கிடக்கிறது. ஆனால் செங்கடல் வாசலில் நல்ல துறைமுகம். 1993-இல் எரித்ரியா பிரிந்து போனதில் எத்தியோப்பியா கடற்கரையை இழந்தது. 1998-இல் அந்த இரு நாடுகளுக்கும் போர் மூண்டதும் எரித்ரியாவின் அசாப் துறைமுக வழியும் அடைபட்டது. 10 கோடிக்கு மேல் மக்கள் கொண்ட எத்தியோப்பியாவின் சரக்கில் பெரும்பகுதி இப்போது ஜிபூட்டி வழியாகத்தான் போய் வருகிறது. 2016-இல் அடிஸ் அபாபாவுக்கு மின்சார ரயில் பாதையும் திறந்தார்கள். பதிலுக்கு எத்தியோப்பியாவிலிருந்து மின்சாரமும் குழாய் வழியே குடிநீரும் ஜிபூட்டிக்கு வருகின்றன. அமெரிக்கா, பிரான்ஸ், ஜப்பான், சீனா எல்லாம் அங்கே படைத்தளம் வைத்து வாடகை கொடுப்பது தனி வருமானம்.

ஒரு பாலம் கட்டினால் ஒரு நாடே மாறிவிடுமா?

காம்பியா விஷயத்தில் கொஞ்சம் அப்படித்தான். அந்த நாடு ஓர் ஆற்றின் இரு கரைதான். நீளம் 300 கிலோமீட்டருக்கு மேல், அகலம் 50 கிலோமீட்டரை ஒட்டி. மேற்கே அட்லாண்டிக், மற்ற மூன்று பக்கமும் செனகல். வடக்குச் செனகலிலிருந்து தெற்குச் செனகலுக்குக் குறுக்கு வழியில் போக இந்த ஆற்றைத் தாண்ட வேண்டும், தாண்டுவதற்குப் படகுதான். லாரிகள் கரையில் நாள் கணக்கில் வரிசையில் நிற்கும். ஏற்றிவந்த காய்கறி, பழம் லாரியிலேயே அழுகும். 2019 ஜனவரியில் ஃபராஃபென்னி அருகே பாலம் திறந்தபிறகு அதே ஆற்றைச் சில நிமிடத்தில் தாண்டிவிடுகிறார்கள்.

சின்னத் தீவுகளில் சாமான் விலை ஏன் இவ்வளவு அதிகம்?

கப்பல் நிறையச் சரக்கோடு வருகிறது, திரும்பும்போது காலி கன்டெய்னரோடு போகிறது. இரண்டு பயணத்தின் செலவையும் வாங்குகிறவர் தலையில்தான் கட்டுவார்கள். கப்பல் அடிக்கடி வராது என்பதால் கடைக்காரர் மாதக்கணக்குக்குச் சரக்கை வாங்கி அடுக்கி வைக்க வேண்டும், அந்தப் பணம் முடங்கிக் கிடக்கும்.

இன்னொரு காரணம் அரசுச் செலவில் இருக்கிறது. ஒரு துறைமுக மேடை, ஒரு ஸ்கேன் இயந்திரம், ஒரு வானிலை ஆய்வு நிலையம் ஆகியவற்றின் விலை, பத்தாயிரம் பேர் பயன்படுத்தினாலும் பத்து லட்சம் பேர் பயன்படுத்தினாலும் ஏறக்குறைய ஒன்றுதான். பத்தாயிரம் பேர் பகிர்ந்துகொள்ளும்போது தலைக்கு விழும் பங்கு கனமாகிவிடுகிறது. இந்த நாடுகள் வெளி உதவியை நாடுவதைச் சோம்பல் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். இந்தக் கணக்கு அவர்கள் கையில் இல்லை.

மின்சாரம் எப்படி?

பல தீவுகளில் இன்னும் டீசல் ஜெனரேட்டர்தான். எண்ணெய் விலை ஏறினால் மின்கட்டணம், மீன்பிடிப் படகு, ஐஸ் எல்லாம் ஒன்றாக ஏறும். சூரிய மின்சாரம் வேகமாகப் பரவுகிறது. ஆனால் உப்புக் காற்றில் துருப்பிடிக்கும் இணைப்புகளும் பேட்டரி மாற்றும் செலவும் தலைவலிதான்.

இணையம்?

கடலடி கேபிள் ஒன்று இருந்தால் நல்ல இணையம், அறுந்தால் இருட்டு. டோங்காவில் 2022 ஜனவரி 15 அன்று கடலடி எரிமலை வெடித்தபோது ஃபிஜியோடு இணைத்த கேபிள் துண்டானது. என்ன ஆயிற்று என்று வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் வீட்டுக்குக் கூப்பிட்டால் இணைப்பே கிடைக்கவில்லை. பழுதுபார்க்கும் கப்பல் பப்புவா நியூகினியிலிருந்து வந்து சேர்ந்து, முக்கியத் தீவுக்கு இணைப்பு திரும்ப ஐந்து வாரம் ஆனது. வெளித்தீவுகளின் கேபிளைச் சரிசெய்ய அடுத்த ஆண்டு வரை ஆனது.

துவாலுவுக்கு இணையத்தால் ஓர் அதிர்ஷ்டம் அடித்தது. அதற்கு ஒதுக்கிய முகவரிக் குறியீடு ‘டாட் டிவி’. தொலைக்காட்சி, வீடியோ நிறுவனங்களுக்கு அது பிடித்துப்போக, உரிமத்தொகை வர ஆரம்பித்தது. அந்தப் பணத்தின் துணையோடுதான் 2000-இல் ஐ.நா. உறுப்பினரானது.

சொந்த நாணயம் வைத்திருக்கிறார்களா?

சிலர் வைத்திருக்கிறார்கள், பலர் இன்னொன்றோடு கட்டிவைத்திருக்கிறார்கள். பூட்டானின் நுல்ட்ரம் இந்திய ரூபாய்க்குச் சமம். லெசோத்தோவின் லோட்டி தென்னாப்பிரிக்க ராண்டுக்குச் சமம். கிரிபாட்டி, நவ்ரு, துவாலுவில் புழங்குவது ஆஸ்திரேலிய டாலர், தீமோர் லெஸ்தேயில் அமெரிக்க டாலர். கிழக்குக் கரீபியன் தீவுகள் சேர்ந்து ஒரே மத்திய வங்கி வைத்து, 1976-இலிருந்து ஓர் அமெரிக்க டாலருக்கு 2.70 என்ற விகிதத்தைக் காப்பாற்றி வருகின்றன.

மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். கரும்புத் தோட்டங்களுக்கும் கட்டட வேலைக்கும் வாணிகத்துக்கும் போனவர்களின் தடம் அது.

வெளிநாட்டில் இருப்பவர்கள் அனுப்பும் பணம் அவ்வளவு முக்கியமா?

டோங்காவில் அண்மை ஆண்டுகளில் அது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 40 சதவீதத்தைத் தொட்டும் தாண்டியும் இருக்கிறது, உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று. கேப் வெர்டே மக்களில் தாய்நாட்டில் இருப்பவர்களை விட வெளியே இருப்பவர்கள் அதிகம். பணம் வருகிறது, ஆனால் செவிலியரும் ஆசிரியரும் அந்தப் பணத்துக்காகவே கிளம்பிவிடுகிறார்கள்.

ஒரே பொருளை நம்பிய நாடு என்ன ஆகும்?

நவ்ருவின் நடுமேடு முழுக்க உரம் செய்ய உதவும் பாஸ்பேட் தாது. 1907-இலிருந்து அந்நியர்கள் தோண்டினார்கள், 1968 விடுதலைக்குப் பின் நாடே தோண்டி விற்றது. 1970-களில் தலைக்கு வருமானத்தில் உலகின் முன்வரிசையில் இருந்தது. எதிர்காலத்துக்கென்று மெல்பர்னில் 52 மாடிக் கட்டடம்கூடக் கட்டிப் போட்டார்கள். முதலீடுகள் தவறாகப் போயின, பாஸ்பேட் வற்றியது, கடன் ஏறியது. 2004-இல் அந்தக் கட்டடமும் கைமாறியது. இன்று தீவின் நடுவே நிற்பது மண் சுரண்டப்பட்ட சுண்ணாம்புக் கல் முட்களின் காடு. நவ்ரு மக்கள் கரையோர வளையத்தில் வாழ்கிறார்கள்.

மொரீஷியஸும் 1968-இல்தான் விடுதலை பெற்றது. ஏற்றுமதி என்றால் ஏறக்குறைய சர்க்கரை மட்டுமே. 1970-இல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் கொண்டுவந்து ஆடை ஆலைகளை இழுத்தார்கள், அப்புறம் சுற்றுலா, அப்புறம் நிதிச் சேவை. கரும்பில் வந்த லாபம் உள்ளூர் ஆலைகளுக்குள் போனதுதான் திருப்பம் என்பது என் கருத்து.

ஒரே புயலில் ஒரு நாட்டின் பொருளாதாரம் அழியுமா?

2017 செப்டம்பரில் மரியா புயல் டொமினிக்காவைத் தாக்கியது. சேதமும் இழப்பும் ஆண்டு உற்பத்தியில் 226 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். இரண்டு ஆண்டுச் சம்பாத்தியம் ஒரே இரவில் போனதாக அர்த்தம். பெரிய நாட்டில் ஒரு மாவட்டம் விழுந்தால் மற்ற மாவட்டங்கள் தூக்கி நிறுத்தும், இங்கே தூக்க வேறு மாவட்டம் கிடையாது. அதனால்தான் கரீபிய நாடுகள் 2007-இல் கூட்டாகப் பேரிடர்க் காப்பீட்டு நிதி ஒன்றை ஆரம்பித்தன. காற்றின் வேகம், மழையளவு போன்றவை குறிப்பிட்ட அளவைத் தாண்டினாலே இரண்டு வாரத்துக்குள் பணம் கைக்கு வரும். சேதத்தை ஒவ்வொன்றாக அளந்துகொண்டிருக்க வேண்டியதில்லை.

ஐ.நா.வின் ‘மிகக் குறைந்த வளர்ச்சி கண்ட நாடு’ பட்டியலிலிருந்து வெளியே வருவது நல்ல செய்திதானே?

நல்ல செய்திதான். கேப் வெர்டே 2007-இல், மாலைத்தீவு 2011-இல், வனுவாட்டு 2020-இல், பூட்டான் 2023-இல் வெளியே வந்தன. ஆனால் அதோடு சில சலுகைகள் போய்விடும். மாலைத்தீவின் சூரை மீன் ஐரோப்பாவுக்குள் வரியில்லாமல் போய்க்கொண்டிருந்தது, கால அவகாசம் முடிந்ததும் வரி விழுந்தது. தலைக்கு வருமானம் ஏறியதால் கடல் உயரம் குறையவில்லையே என்று இந்த நாடுகள் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

கடல் மட்டம் ஏறினால் இந்த நாடுகள் இல்லாமல் போய்விடுமா?

துவாலுவின் தலைநகர்த் தீவான ஃபுனாஃபூட்டியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நடுவே இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கர்கள் போட்ட ஓடுதளம். விமானம் வரும் நாளில் சைரன் ஒலிக்கும், எல்லோரும் விலகிக்கொள்வார்கள். மற்ற நேரத்தில் அதுதான் ஊரின் திடல். மாலையில் பந்து விளையாடுவார்கள், இருசக்கர வண்டியில் குறுக்கே போவார்கள், புழுக்கமான இரவுகளில் பாய் விரித்துப் படுப்பவர்களும் உண்டு. தீவிலேயே அகலமான வெட்டவெளி அது ஒன்றுதான். பெரிய ஓதம் வரும் நாட்களில் கடல், கரையைத் தாண்டி வருவதோடு நிற்பதில்லை. பவளத் தரையின் துளைகள் வழியே காலடியிலிருந்தும் ஊறி வருகிறது. கரையில் சுவர் கட்டினால் மட்டும் போதாது என்பதற்குக் காரணம் இதுதான்.

ஒவ்வொருவரும் ஒரு வழி தேடுகிறார்கள். மாலைத்தீவு 1997-இலிருந்து ஹுல்ஹுமாலே தீவைக் கடலில் மண் கொட்டி உயர்த்திவருகிறது. கிரிபாட்டி 2014-இல் ஃபிஜியில் நிலம் வாங்கியது. துவாலு ஆஸ்திரேலியாவோடு செய்த உடன்படிக்கை 2024-இல் நடைமுறைக்கு வந்தது, ஆண்டுக்கு 280 பேர் அங்கே குடியேறலாம்.

ஆனால் மக்கள் போய்விட்டால் கடல் யாருடையது? மீன் உரிமக் கட்டணம் யாருக்கு? பசிபிக் தீவு நாடுகள் 2021-இல், கடல் எவ்வளவு ஏறினாலும் ஒருமுறை வரைந்த கடல் எல்லை மாறாது என்று கூட்டாக அறிவித்தன. துவாலு 2023-இல் தன் அரசியலமைப்பிலேயே, நிலம் போனாலும் நாடு நிலைத்திருக்கும் என்று எழுதிக்கொண்டது. வனுவாட்டு முன்னின்று கேட்க வைத்த கேள்விக்கு 2025 ஜூலை 23 அன்று சர்வதேச நீதிமன்றம் சொன்ன ஆலோசனைக் கருத்தும் அந்தப் பக்கமே சாய்ந்தது: கடல் ஏறியதற்காக எல்லைக்கோட்டை மாற்றி வரைய வேண்டிய கட்டாயம் ஒரு நாட்டுக்கு இல்லை, நிலம் மறைவதால் மட்டும் ஒரு நாடு நாடாக இல்லாமல் போய்விட வேண்டியதும் இல்லை.